களை எடுக்கிற கையே கருவியையும் பிடிக்கட்டும்



நம்ம யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஒத்தக்கடை சுத்துவட்டார வயலில் குனிந்து களை எடுத்தது நாம். ஆனா களை பற்றிக் கூட்டம் போட்டா, முன்வரிசையில் உட்கார்வது ஆம்பளைங்க. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நெல்லும் குதிரைவாலிப் புல்லும் சின்னதில் ஒரே மாதிரி இருக்கும். இலை தண்டோடு சேருகிற இடத்தில் நாக்கு மாதிரி சவ்வு இருந்தா நெல், இல்லைன்னா புல். இதை நமக்கு யாரும் படிச்சுக் கொடுக்கலை, கை கத்துக்கிட்டது.

பாதிக் களையை உழவிலேயே அடக்கலாம். கோடை உழவு போட்டா கோரைக்கிழங்கு மேலே வந்து வெயிலில் காயும். பெரியாற்றுத் தண்ணி வந்ததும் ஒரு தடவை தொழி உழுது, ஒரு வாரம் விட்டா புல் முளைக்கும். அடுத்த உழவில் அது சேத்துக்குள் அமுங்கிடும். பரம்படிச்சு வயலைச் சமமாக்கணும். மேடு தட்டின இடத்தில் தண்ணி நிற்காது, களைதான் நிற்கும்.

எங்க ஊருக்குக் கோனோவீடர் வந்த வருஷம், பத்துப் பெண்கள் செஞ்ச வேலை ரெண்டு ஆம்பளைங்க கைக்குப் போச்சு. வீட்டில் அடுப்பெரிவதே சிரமமாச்சு. கருவி மேல் கோபப்பட்டு என்ன செய்ய? குழுவில் உள்கடன் எடுத்து ரெண்டு கருவி வாங்கினோம். முதல் நாள் தோள்பட்டை கழண்டு போச்சு. அப்புறம்தான் புரிஞ்சது: வயலில் லேசா தண்ணி இருந்தாத்தான் அது உருளும்; 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமா நட்டாத்தான் குறுக்கும் நெடுக்கும் ஓட்டலாம். நட்ட 10-ஆம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒரு தடவையா நாலு தடவை. ஆள் மாத்தி ஆள் ஓட்டுறோம். குத்து ஓரத்துக் களையைக் கருவி எடுக்காது. அதுக்கு நம்ம கைதான் வேணும். இப்ப ஏக்கர் கணக்கில் கூலி பேசுறது நாங்க.

களைக்கொல்லி வேண்டாம்னு சொல்ல வரலை. பூட்டாகுளோரை நட்ட மூணாம் நாள், மணலோடு கலந்து, வயலில் ஒரு அங்குலத் தண்ணி வச்சுத் தூவணும். ரெண்டு நாள் தண்ணியை வடிக்கவும் கூடாது, புதுசா பாய்ச்சவும் கூடாது. கையுறை இல்லாம தொடவே கூடாது. வருஷா வருஷம் அதே மருந்தையே நம்பக் கூடாது. பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரானையே திரும்பத் திரும்ப அடிச்சாங்க. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு வகைக் களைப்புல் அந்த மருந்துக்குச் சாகாம நின்னுச்சு. விவசாயிகள் பட்ட நஷ்டம் கொஞ்சமில்லை.

என் கோரிக்கை ரெண்டுதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் குழுவின் பேரில் களைக்கருவி இருக்கணும். களை பற்றிய பயிற்சின்னா, பட்டியலில் முதல் பேரு வயலில் இறங்குகிற பெண்ணோட பேரா இருக்கணும். இதை இன்றைக்கே தீர்மானமா எழுதிடுங்க.