கொடுக்கக் குறையாத இசை

ராக் இசையைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேச வருவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், கல்வி கொடுக்கக் குறையாது என்று வகுப்பறையில் நான் பலகால் சொல்லிவந்ததற்கு, அமெரிக்காவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோ நகரில் ஐந்து இளைஞர் இக்குழுவைத் தொடங்கினர். முதலில் ‘வார்லாக்ஸ்’ என்று பெயர் வைத்தனர். பின்னர்ப் புதுப்பெயர் தேடியபோது, கிதார்க் கலைஞர் ஜெர்ரி கார்சியா அகராதியொன்றைப் புரட்டி இப்பெயரைக் கண்டார். ‘நன்றி மறவாத இறந்தோர்’ என்பது அதன் பொருள். முன்பின் அறியாத ஒருவனின் உடலை வழிப்போக்கன் தன் பொருளைச் செலவிட்டு அடக்கம் செய்கிறான். இறந்தவனின் ஆவி பின்னர் அவனுக்குத் துணைநிற்கிறது. பல நாடுகளில் வழங்கும் நாட்டுக்கதை இது.

ஒரு பாட்டை நாள்தோறும் ஒரே வகையாக வாசிப்பதை இவர்கள் விரும்பவில்லை. நம் வித்துவான்களின் மனோதர்மம் போல, மேடையிலேயே இசையை விரித்துச் சென்றனர். ஆகவே ஒவ்வோர் இரவின் கச்சேரியையும் பதிவுசெய்துகொள்ள ரசிகர் விழைந்தனர். அதனைத் திருட்டென்று தடுப்பதே பிறர் வழக்கம். இவர்களோ 1984இல் அரங்கிற்குள்ளேயே பதிவு செய்வோர்க்குத் தனியிடம் ஒதுக்கினர். ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாகாது என்பதே ஏற்பாடு.

ஒலிநாடாக்கள் கைக்குக் கை மாறின. நாடாவில் கேட்டவர் நேரில் கேட்க வந்தனர். 30 ஆண்டுகளில் இவர்கள் நடத்திய கச்சேரிகள் 2,300க்கும் மேற்பட்டவை. 1977 மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவு, ரசிகர்களிடையே நெடுங்காலம் உலவிப் புகழ்பெற்று, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பிலும் இடம்பெற்றது. குழுவின் பெயரால் முறைப்படி அது வெளியானதோ 2017இல்தான்.

கொடுத்தவர் கொள்ளவும் அறிந்திருந்தனர். குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் நம் கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமும் வாசித்தார். அதற்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது.

இனி ஒன்றை மறைத்தலாகாது. போதைப்பொருளுக்கு ஆட்பட்டு உடல் நலிந்த கார்சியா, 1995 ஆகஸ்டு 9ஆம் நாள், தம் 53ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் குழு கலைந்தது. இசையை வாரி வழங்கிய கை, தன்னைக் காத்துக்கொள்ள அறியவில்லை. இளைஞருக்கு இதனையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

ஆயினும் இசை அழியவில்லை. விலையின்றிப் பெற்றவர்களே அதனைப் பேணிக் காத்து, அடுத்த தலைமுறைக்கு அளித்தனர். பூட்டி வைத்த பொருளைக் காக்க ஒரு காவலன் வேண்டும். பகிர்ந்தளித்த பொருளுக்கோ, பெற்றவர் அனைவரும் காவலர்.