நம் பொருள் நம் கையில் இருக்கவேண்டும்

(கிள்ளானில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிரிக்பீல்ட்ஸ் உணவுக் கடையொன்றில் வேலை செய்துவந்த தமிழ்நாட்டுச் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். ஊரில் தாயார் காலமாகிவிட்டார். போகவேண்டும், ஆனால் பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில். "கணக்கு முடியட்டும், தருகிறேன்" என்பதே பதில். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஊரில் கருமாதியே முடிந்துவிட்டது. இது ஒருவர் கதையல்ல. ஏ.டி.எம். அட்டையை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் அவர் வாசலில் நிற்பவர்கள் நம்மிலும் உண்டு. ஆகவே, நம் பொருளைப் பிறர் பிடித்துவைத்தால் சட்டம் தரும் வழி என்ன என்பதை இன்று கூற விரும்புகிறோம்.

முதலில் பாஸ்போர்ட். 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வமான அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பாஸ்போர்ட் அதை வழங்கிய அரசாங்கத்தின் சொத்து. கடனுக்கு ஈடாக வைக்கும் பொருளல்ல. கேட்டும் தராவிட்டால் போலீஸில் புகார் செய்யுங்கள்; இந்தியப் பிரஜையானால் இந்திய ஹைகமிஷனுக்கும் தெரிவியுங்கள்.

அடுத்து, நகை, சைக்கிள், கைத்தொழில் சாமான் போன்றவை. 1950ஆம் ஆண்டு 'ஸ்பெசிபிக் ரிலீப்' சட்டப்படி, பொருளையே திருப்பித் தரும்படி கோர்ட் சில சமயங்களில் உத்தரவிடலாம். நம்பி ஒப்படைத்த பொருள், பணத்தால் ஈடுசெய்ய முடியாத பொருள், தவறான வழியில் நம் கையைவிட்டுப் போன பொருள் ஆகியவை அவற்றுள் சேரும். பாட்டியின் தாலிக்கொடிக்குத் தங்க விலை மட்டும் ஈடாகுமா?

பொருளுக்குப் பதில் அதன் மதிப்பைக் கேட்பதானால், 5,000 வெள்ளி வரையுள்ள வழக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்காக நாமே தொடரலாம். அங்கே இருதரப்புக்கும் வக்கீல் கிடையாது; ஆகவே வக்கீல் கூலிக்கு அஞ்சவேண்டியதில்லை. ஒப்படைத்த பொருளை ஒருவர் நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால், அது தண்டனைச் சட்டத்தின் 405ஆவது பிரிவில் கூறப்படும் நம்பிக்கை மோசடியுமாகும்.

ஆனால் பிடித்துவைப்பதெல்லாம் குற்றமல்ல. மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்த்தவர் தம் கூலி கிடைக்கும்வரை அதை நிறுத்திவைக்கலாம். முறைப்படி அடகு வைத்த நகைக்கும் பணம் கட்டியே ஆகவேண்டும். அவ்வாறே, நம் பொருள்தானே என்று பூட்டை உடைத்து எடுக்கப் போனால், நியாயம் நம் பக்கமிருந்தும் குற்றம் நம் தலையில் விழும்.

செய்யவேண்டியது இதுதான். பொருளைக் குறிப்பிட்டு, நாள் குறித்து, எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கேட்டதும் மறுத்ததும்தான் வழக்கின் அஸ்திவாரம். ஆறப்போடாதீர்கள்; 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் இத்தகைய வழக்குக்குத் தரும் தவணை 6 ஆண்டு.

ஒரு பாஸ்போர்ட்தானே என்று எண்ணவேண்டாம். 2020 ஜூலையில், கிள்ளான் வட்டாரத்தில் ஆலைகளுடைய டாப் குளோவின் இரு துணை நிறுவனங்கள் செய்த ரப்பர் கையுறைகளை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தது. கட்டாய உழைப்புக்கு அது கூறிய அறிகுறிகளில், தொழிலாளரின் அடையாளப் பத்திரங்களைப் பிடித்துவைத்ததும் ஒன்று. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. நாம் பால் வெட்டிய ரப்பர், கையுறையாகிக் கடல் கடந்த இடத்தில், தொழிலாளியின் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

அங்கே கேட்டதை இங்கே நாம் கேட்கக் கூசலாமா? கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்க அச்சமாயிருந்தால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம்.