போட்டது என்ன, வந்தது என்ன?

"அறிவியலை வளர்ப்பவை விடைகளே, வெறும் வினா சோறு போடுமா?" என்று எதிரணி நண்பர் முழங்கினார். ஐயா, ஒரே ஒரு வினா அரை நூற்றாண்டாகப் பெரிய பெரிய மேதைகளுக்கெல்லாம் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறதே!

கருந்துளைக்குள் விழுந்தது திரும்பாது. கைமாத்தாகக் கொடுத்த பணம் மாதிரி! (சிரிப்பு) அப்படித்தான் நம்பினார்கள். 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் வந்தார். கருந்துளையும் துளித்துளியாகக் கதிர் வீசும், வற்றி வற்றி ஒருநாள் மறைந்தே போகும் என்றார். எப்போது? சூரியன் எடையுள்ள கருந்துளை வற்றுவதற்கு 1 போட்டு, பக்கத்தில் 67 சைபர் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனை வருஷம்! அந்தக் கதிரை வானத்தில் இதுவரை எந்தக் கருவியும் பிடித்ததில்லை.

"அப்புறம் எதுக்குய்யா சண்டை?" என்பீர்கள். சொல்றேன்.

ஒரு கடிதத்தை எரிக்கிறோம். சாம்பல், புகை, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சேர்த்துக் கணக்குப் போட்டால், எழுதியிருந்ததை மீட்டுவிடலாம். நம்மால் முடியாது, ஆனால் முடியும் என்பதுதான் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை. கருந்துளையோ பழைய பேப்பர்க் கடைக்காரர்! தொல்காப்பியத்தைப் போட்டாலும் சரி, துணிக்கடை பில்லைப் போட்டாலும் சரி, அவருக்கு எடைதான் கணக்கு. (கைதட்டல்) எடை, சுழற்சி, மின்னூட்டம், இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் கதிரில் தெரியாது என்றது ஹாக்கிங் கணக்கு. அப்படியானால் நடந்தது நடந்ததற்கு உலகத்தில் தடயமே இல்லாமல் போகுமா? கரையான் அரித்த ஏடுகளை நினைத்து ஏங்குகிற தமிழ் வாத்தியாருக்கு இது சின்னக் கேள்வி இல்லை, நடுவர் அவர்களே!

1997இல் பந்தயமே கட்டினார்கள். அழியும் என்று ஹாக்கிங்கும் கிப் தோர்னும். அழியாது என்று ஜான் பிரெஸ்கில். 2004இல் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். தோர்ன் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. தலைவர் கட்சி மாறிட்டார், கூட்டாளி மாறலை! (பலத்த சிரிப்பு)

ஹாக்கிங் 2018இல் மறைந்தார். வினா மறைந்ததா? 2019இல் வந்த புதிய கணக்குகள், செய்தி கதிரோடு வெளியே வருகிறது என்ற பக்கம் சாய்கின்றன. எந்த வழியாக வருகிறது? இன்னும் விவாதம் நடக்கிறது.

ஈர்ப்புக் கொள்கையும் குவாண்டம் கொள்கையும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள். இருவரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தது எது? விடையா? விடை கிடைத்திருந்தால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். உட்கார வைத்தது வினா! ஆகவே அறிவியலை வளர்ப்பவை வினாக்களே என்று தீர்ப்பு வழங்க வேண்டி, அமர்கிறேன்.