டேப்புக்கு ரெண்டு பக்கம்

(சங்கரன்கோவில் கூட்டமைப்புக் கூட்டத்தில் தையல் குழு உறுப்பினர் பேசியது)

நம்ம தையல் டேப்பில் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது. கடையில் துணி மீட்டரில்தான். நாமோ இன்னும் இஞ்சில்தான் அளவு எடுக்கிறோம். அமெரிக்காவில் துணியே கஜக் கணக்கில்தான் விற்கிறார்கள்.

எங்க குழுவுக்குப் பாவாடை ஆர்டர் வந்தது. 1,440 இஞ்ச் துணி தேவை. 36 இஞ்ச் ஒரு மீட்டர்னு நினைச்சு 40 மீட்டர் வாங்கிட்டோம். 36 இஞ்ச் என்பது கஜம், மீட்டருக்கு 39.37 இஞ்ச். 37 மீட்டரே போதும். மூணு மீட்டர் துணிக்காசு, அதுவும் கடன் வாங்கிய காசு, முடங்கிப் போச்சு.

இனி அளவுச் சீட்டில் எண்ணோடு இஞ்சா, செ.மீ.யா என்று கட்டாயம் எழுதுவோம். இஞ்சை 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். கணக்கு சரியா இருந்தால்தான் கூலி கையில் நிற்கும்.