வீட்டிலே தமிழ்ப் பாடம்



அடியேன் மெட்ரிகுலேஷன் தேறிய இரயில்வே குமாஸ்தா; ஆசிரியன் அல்லன். எனினும், ஆறு வயது மகளுக்கு வீட்டில் தமிழ் கற்பித்ததில் கண்ட அனுபவத்தைச் சொல்லத் துணிகிறேன்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் உருவாயிற்று. கன்னியாகுமரி அன்றைய சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. எல்லைக்கு இப்பால், இப்பழவங்காடியில் வளரும் நம் குழந்தைகளுள் பலருக்குப் பள்ளியில் கிடைப்பது மலையாளமே. தமிழ் எழுத்தை வீட்டில்தான் ஊட்டவேண்டும்.

நாகர்கோவிலில் முதல் வகுப்புப் புத்தகம் வாங்கினேன். நாள்தோறும் ஒரு மணி நேரம் 247 எழுத்துக்களையும் வரிசையாக எழுதவைத்தேன். ஒரு மாதத்தில், புத்தகத்தைக் கண்டாலே குழந்தை அழலானாள். ஒரு நாள், "அப்பா, இது எந்தக் 'க'?" என்று கேட்டாள். மலையாளத்தில் நான்கு ககரங்கள்; தமிழில் ஒன்றே. 'கல்', 'தங்கம்', 'மகன்' என்னும் மூன்றிலும் அது இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிப்பதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. குற்றம் என்னுடையதே.

அன்றே முறையை மாற்றினேன். பாடம் கால் மணி நேரமே. வரிசையை விடுத்து, அவள் நாவில் வழங்கும் சொற்களையே எழுதினோம். சாலைக் கடைத்தெருவில் வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலை அவளே எழுதலானாள். 'புளி'க்குப் 'புலி' வந்தது, சிரித்துத் திருத்தினோம்.

ஓராண்டில், ஊரிலிருந்து என் தாயார் எழுதிய கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எனக்குப்பின் அக்கடிதங்கள் படிப்பாரற்றுப் போகுமோ என்ற அச்சம் நீங்கிற்று.

ஆகவே, பாடத்தைக் குழந்தைக்குத் தக்கபடி மாற்றுங்கள். ஆனால் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.