மட்டாஞ்சேரியில் திருவருகைக் காலம்



நவம்பர் 30ஆம் நாளை ஒட்டி வரும் ஞாயிறன்று இலத்தீன் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு பிறக்கிறது. அன்று தொட்டுக் கிறிஸ்து பிறப்பு விழா வரையில், நான்கு ஞாயிறுகளைத் தன்னகத்தே கொண்ட காலத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்று வழங்குகின்றனர். மலையாள நாட்டு இலத்தீன் முறையினர் அதனை ஆகமன காலம் என்பர். சிரிய மரபைச் சேர்ந்த சீரோ மலபார் சபையார் மங்களவார்த்தைக் காலம் என்பர். சொல்லைச் சொல்லோடு வைத்து நிறுத்துப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, இப்பெயர்கள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி நிற்பது புலனாகிறது. ஒருவர் வரப்போகிறார், அவருக்காக வீடும் மனமும் ஆயத்தமாக வேண்டும் என்பதே அப்பொருள்.

வருபவர் எப்படி வந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. லூக்கா எழுதிய வரலாற்றின்படி, பேரரசர் ஒருவர் குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்டார். அக்கட்டளைக்குப் பணிந்து, நாசரேத்தூர்த் தச்சர் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியை அழைத்துக் கொண்டு பெத்லகேமுக்குப் பயணமானார். சத்திரத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அரசாங்க உத்தரவால் ஊர் விட்டு ஊர் சென்று, பெட்டி படுக்கையோடு வீடு தேடி அலைந்த அனுபவம் நேயர்களில் பலருக்கும் உண்டு. ஆகையால் இக்கதையின் தொடக்கத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இக்காலத்தின் உட்பொருளைக் காண விரும்புவோர்க்கு மட்டாஞ்சேரியைப் போன்ற பாடசாலை வேறு அரிது. கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே, கோட்டைக் கொச்சியை அடுத்து அமைந்துள்ள பழைய வணிகக் குடியிருப்பு அது. கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் இருந்து பெயர்ந்து வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே இடமளித்தார். அங்கே 1568ஆம் ஆண்டில் எழுந்த தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கோவாவிலிருந்து வெளியேறிய கொங்கணியர் வந்தனர். கச்சு நாட்டிலிருந்து மேமன் முஸ்லிம்களும் குஜராத்திலிருந்து வணிகர்களும் வந்தனர். கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோரை டச்சுக்காரர்கள் அழைத்து வந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. சில சதுர மைல் பரப்பில் இத்தனை மொழிகள் வழங்கும் இடத்தை இந்நாட்டில் எளிதிற் காண இயலாது.

இவ்வூரில் திருவருகைக் காலம் ஒரே வடிவில் அனுசரிக்கப்படுவதில்லை. இலத்தீன் ஆலயங்களில் குருக்கள் ஊதா நிற உடை அணிகின்றனர். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் ரோஜா நிறம் அணிவதுண்டு. பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுத்திரிகளை நட்டு, வாரத்திற்கு ஒன்றாக ஏற்றுகின்றனர். சிரிய மரபினர் டிசம்பர் முதல் நாள் தொடங்கி இருபத்தைந்து நாள் நோன்பு காக்கின்றனர். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றை நீக்கி மரக்கறி உணவு கொள்வது பழைய முறை. விழா நாள் வழிபாட்டில், ஆலயத்திற்கு வெளியே சிலுவை வடிவான குழியில் தீ வளர்த்து, அதில் குந்திரிக்கம் இட்டு வணங்குவர். குளிர் இரவில் ஆட்டிடையர் மூட்டிய நெருப்பை அது நினைவூட்டுகிறது.

இச்சொற்களை ஊன்றிக் கேட்டால் நம் வீட்டுச் சொற்களாகவே ஒலிக்கின்றன. நாம் நோன்பு என்பதை மலையாளி நோம்பு என்கிறார். நாம் குடில் என்பதை அவர் புல்க்கூடு என்கிறார். புல்லும் கூடும் இரண்டுமே நம்முடையவை. வேற்று மாநிலத்தில் வாழ்வோர் அயலாரின் விழாவை அந்நியமென்று கருதி ஒதுங்குவதற்கு முன்னர், அவர்களுடைய சொற்களை ஒருமுறை செவிமடுத்தல் நன்று.

தமிழுக்கும் இந்நகர் ஒரு காலத்தில் இடம் கொடுத்தது. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காக அண்டிரீக்கி அடிகளார் தமிழில் ஆக்கிய கிரீசித்தியானி வணக்கம் என்னும் நூல், 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அச்சாகியது. அதற்கு முந்திய ஆண்டில் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்திற்கு அடுத்து, தமிழ் எழுத்தில் அச்சேறிய நூல்களுள் மிகப் பழமையானது இதுவே. தமிழ் வழங்கும் கரையில் அச்சுக்கூடம் தோன்றுமுன், நம் எழுத்து மலையாளக் கரையில் விருந்தாளியாக இருந்து அச்சேறியது என்று கூறினால் அது மிகையன்று.

இவ்வளவையும் கூறிவிட்டு, மட்டாஞ்சேரி எக்காலத்தும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் என்று சொல்லி முடித்துவிட்டால் அது வரலாறாகாது. 1652ஆம் ஆண்டில் அகத்தல்லா என்னும் கீழைநாட்டு ஆயர் ஒருவர் நம் மயிலாப்பூரில் வந்து இறங்கினார். அங்குத் தோமையார் கல்லறையைத் தரிசிக்க வந்திருந்த மலையாள நாட்டுச் சிரியக் கிறிஸ்தவர் சிலர் அவரைக் கண்டு, செய்தியைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். போர்த்துகீசியர் அவரைக் கப்பலில் ஏற்றிக் கொச்சி வழியாகக் கோவாவுக்குக் கொண்டுபோயினர். கொச்சியில் திரண்டிருந்த மக்கள் அவரைக் காணவும் இசையவில்லை. காத்திருந்த விருந்தினரைக் கண்ணாலும் காணவொட்டாமல் தடுத்தமையால் மூண்ட சினமே, 1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுச் சத்தியமாக வெளிப்பட்டது. இயேசு சபைப் பேராயருக்கு இனிப் பணிய மாட்டோம் என்று அம்மக்கள் சூளுரைத்தனர். சிலுவையை எல்லோரும் தொட இயலாமையால் அதில் கயிறுகளைக் கட்டிப் பிடித்தனர் என்றும், இழுவையில் சிலுவை கூனிவிட்டது என்றும் மரபு கூறுகிறது. அன்று பிளவுபட்ட சமூகம் இன்றளவும் பல சபைகளாகவே உள்ளது.

ஆக, இவ்வூருக்கு வரவேற்பும் தெரியும், கதவடைப்பும் தெரியும். இவ்விரண்டையும் அறிந்த ஊரில், வருகைக் காலத்தின் தொண்டு எதில் அடங்கியிருக்கிறது என்று வினவுவது பொருத்தமுடையது.

1498ஆம் ஆண்டில், அதாவது வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டில், லிஸ்பன் நகரில் மிசெரிகோர்தியா என்னும் இரக்கச் சங்கம் நிறுவப்பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் அதன் கிளை கொச்சியிலும் இயங்கியது. அச்சங்கத்தார் பதினான்கு இரக்கச் செயல்களைத் தம் கடமையாகக் கொண்டனர். பசித்தவர்க்கு உணவளித்தல், நோயாளரைக் காணுதல், சிறைப்பட்டோரை மீட்டல், இறந்தோரை அடக்கம் செய்தல் முதலியவை அவற்றுள் அடங்கும். வழிப்போக்கனுக்குத் தங்க இடமளித்தலும் அவற்றுள் ஒன்று. அயலூரில் தவிப்பவனுக்கு இடங்கொடுப்பதை, பசித்தவனுக்குச் சோறிடுவதற்கு நிகராக வைத்து எண்ணிய பட்டியல் அது. பட்டியலைக் கொண்டுவந்தவர்களே அகத்தல்லா விஷயத்தில் அதனை மறந்தார்கள் என்பதும் உண்மை. ஆயினும் பட்டியல் பிழையானதன்று.

நோன்புக்கும் தொண்டுக்கும் உள்ள உறவும் பழமையானது. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்டைடிஸ் என்பவர் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பம் ஒன்றில், அக்காலக் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். தம்மிடையே ஓர் ஏழை இருந்து, கொடுப்பதற்குத் தம்மிடம் மிகுதி உணவு இல்லாவிடில், அவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அந்த உணவை அவனுக்கு அளிப்பர் என்பது அவர் கூற்றின் சாரம். இந்நூலின் சிரிய மொழிபெயர்ப்பு 1889ஆம் ஆண்டில் சீனாய் மலை மடத்தில் கண்டெடுக்கப்பட்டது. மலையாள நாட்டுச் சிரியக் கிறிஸ்தவரின் தொன்மையான வழிபாட்டு மொழியும் சிரியமே. தன் வயிற்றைக் காயவைப்பதோடு நோன்பு முடிவதில்லை. தன் கலத்தில் குறைந்தது பிறர் கலத்தில் நிறையும்போதே அது முற்றுப்பெறுகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆலயங்களில் நாம் காணும் தழை வளையமும் தொண்டிலேயே பிறந்தது. ஹாம்பர்க் நகரில் விக்கர்ன் என்னும் போதகர் 1833ஆம் ஆண்டில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக ஓர் இல்லம் நிறுவினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அச்சிறுவர்கள் நாள்தோறும் கேட்டு நச்சரித்தனராம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மீது மெழுகுத்திரிகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். வீடற்ற பிள்ளைகள் நாளெண்ணுவதற்கு உதவிய சக்கரமே இன்று உலகெங்கும் அழகுப் பொருளாகியிருக்கிறது.

டிசம்பர் மாதத்தில் மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் வாயில்தோறும் நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன. கரோல் பாடும் இளைஞர்கள் மேளத்தோடும் உண்டியலோடும் வீடு வீடாகச் செல்கின்றனர். உண்டியலில் சேரும் பணம் ஒருவருடைய மருந்துச் செலவுக்கோ, மற்றொருவருடைய வீட்டுக் கூரைக்கோ பயன்படுமாயின், அந்தப் பாட்டுக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது. கொடுத்தவர் பெயரும் படமும் முன்னே வந்து, பெற்றவர் தலைகுனிந்து நிற்க நேருமாயின், விளக்கு எரிந்தும் இருளே மிஞ்சுகிறது.

கொடுக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு இவ்வூருக்கு அண்மையிலேயே உள்ளது. அது டிசம்பரில் நிகழ்ந்ததன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கொச்சிக்குத் தெற்கே செல்லானம் என்னும் மீனவர் கிராமத்தைக் கொள்ளைநோயும் கடற்சீற்றமும் ஒருங்கே வருத்தின. அக்கிராமத்தாருக்காக அருகிலுள்ள கும்பளங்கியில் வீடுகளிலிருந்து சோற்றுப் பொட்டலங்கள் திரட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றைப் பிரித்தபோது, நனையாதபடி பிளாஸ்டிக் தாளில் சுற்றிய நூறு ரூபாய் நோட்டு ஒன்று உணவோடு இருந்தது. வைத்தவர், தாமே வருவாய் குன்றியிருந்த ஓர் எளிய இல்லத்தரசி. பொட்டலத்தின் மீது பெயர் எழுதவில்லை. யார் கைக்கு அது போய்ச் சேரும் என்பதும் அவருக்குத் தெரியாது. உண்பவர்க்குச் சோற்றுக்கு மேலும் ஒரு தேவை இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தார், அவ்வளவே. நோன்பு கற்பிக்க வேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

இன்று கேரளத்திற்கு வருவோர் வேறு. வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் எர்ணாகுளம் மாவட்டமெங்கும் பரவியுள்ளனர். கேரள அரசு அவர்களை அதிதித் தொழிலாளர் என்று பெயரிட்டு அழைக்கிறது. அதிதி என்னும் சொல்லுக்குத் திதி குறிக்காமல் வருபவன் என்று பொருள் கூறுவர் முன்னோர். தமிழில் விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. முன் அறியாத புதியவரே விருந்தினர். உறவினருக்கு இலைபோடுவதைக் காட்டிலும் முகமறியாதவருக்கு இலைபோடுவதே இச்சொல்லின் முதற்பொருளுக்கு ஏற்ற செயல். நல்ல பெயர் சூட்டுவது தொடக்கமே ஆகும். அப்பெயருக்குரிய நடத்தை நாள்தோறும் தெருவிலும் வேலைத்தலத்திலும் மெய்ப்பிக்கப்பட வேண்டியது.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வந்தவரைப் பேணி வழியனுப்பிவிட்டு, இனி வருபவர் யாரென்று வாயிலை நோக்கி இருப்பவனை அதில் அவர் போற்றுகிறார். உணவளிப்பதோடு நில்லாமல், காத்திருப்பதையும் அறமாக்கிய சிறப்பு அவருடையது. திருவருகைக் காலத்தின் கருத்தும் இதற்கு வெகு அருகில் உள்ளது. சமயங்கள் வேறாயினும், வாயிலை நோக்கி இருக்கும் பார்வை ஒன்றே.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் வாழும் தமிழ் அன்பர்களே! நாம் அனைவரும் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருவருடைய விருந்தினராய் இருந்தவர்கள். பால் எங்கே கிடைக்கும், பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்க்க வேண்டும், இரவில் காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியரிடம் போகலாம் என்று முதல் வாரத்தில் நமக்குச் சொன்ன அண்டைவீட்டாரின் முகம் நமக்கு மறந்திராது. இந்த டிசம்பரில் கரோல் பாடுவோர் நம் வாயிலுக்கு வந்தால் மகிழ்ந்து கொடுப்போம். அதனோடு நின்றுவிடாமல், நம் குடியிருப்புக்கு இம்மாதம் புதிதாய் வந்தவர் யார் என்று விசாரிப்போம். அவர் காவலாளியாக இருக்கலாம். கட்டட வேலை செய்பவராக இருக்கலாம். நம்மைப் போல் மாற்றல் உத்தரவோடு வந்த குமாஸ்தாவாகவும் இருக்கலாம். அவருடைய மொழி நமக்குத் தெரியாதிருக்கலாம். நம் மொழி தெரியாதவர்களே ஒருநாள் நமக்கும் வழி காட்டினார்கள்.