முகமும் விண்ணப்பமும்



வானொலியில் பேசுவதில் ஒரு நன்மை உண்டு. நான் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்பது உங்களுக்குத் தெரியாது. சொல்லும் செய்தி பயனுடையதா என்ற ஒன்றைக் கொண்டே என்னை அளக்கிறீர்கள். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதைப் பற்றியதே.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். வணிகவியல் பட்டதாரி. வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கெழுதும் வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருந்தாள். "ஐயா, இதில் என் புகைப்படத்தைச் சேர்க்கலாமா?" என்று கேட்டாள். சிறுவயதில் பட்ட தீக்காயத்தின் வடு அவள் கன்னத்தில் உண்டு. அதைப்பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் நாட்டில் அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படம் கேட்கிறார்கள். ஏன்? ஒருவருக்காக மற்றொருவர் தேர்வெழுதாமல் தடுப்பதற்காக. அங்கே படம் என்பது ஆளை அறியும் அடையாளம். தகுதிக்கு இடும் மதிப்பெண் அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு.

அமெரிக்காவில் நடுவண் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர் புகைப்படம் இணைக்க வேண்டும் என்ற விதி 1914-இல் வந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவே என்றார்கள். ஆனால், தேர்வில் தேறிய கறுப்பின மக்களை ஒதுக்கித் தள்ளுவதற்கு அப்படமே கருவியாயிற்று. 1940-இல் அவ்விதி நீங்கியது. அடையாளத்துக்குக் கைரேகை போதுமென்றாயிற்று. இன்று அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம், விண்ணப்பிப்பவரிடம் புகைப்படம் கேட்கலாகாது, தேவையெனில் அவர் வேலையை ஏற்றுக்கொண்ட பின்னரே பெறலாம் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்துகிறது. பிரிட்டனிலும் படம் வைக்கும் வழக்கம் இல்லை. ஜெர்மனியில் அவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எனினும், 2006-இல் சமநடத்தைச் சட்டம் வந்தபின் நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாகக் கேட்பதில்லை.

நிற்க. பிற நாட்டார் பிழையை மட்டும் சொல்லி முடித்தால் நான் நேர்மையுள்ளவன் ஆகேன். ஒருமுறை ஆசிரியர் தேர்வுக் குழுவில் அமர்ந்திருந்தேன். ஒரு விண்ணப்பத்திலிருந்த படத்தில் மீசை அரும்பாத, மெலிந்த முகம். 'இவனா வகுப்பை அடக்குவான்?' என்று எண்ணி அதனை அடியில் வைத்துவிட்டேன். ஈராண்டு கழித்து வேறோர் ஊர்ப் பள்ளியின் தாழ்வாரத்தில் நடந்துசென்றபோது, ஒரு வகுப்பிலிருந்து பாடஞ்சொல்லும் குரல் கேட்டு நின்றேன். ஐம்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் வேறு ஓசையில்லை. எட்டிப் பார்த்தேன், அதே முகம். என் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நல்லாசிரியரை இழந்தது என் கண்ணால்தான்.

ஆகவே, மாணவர்களே, விளம்பரத்தை முதலில் நன்றாகப் படியுங்கள். அரசுத் தேர்வைப்போலப் படம் கேட்டிருந்தால், கேட்ட அளவில் கேட்டபடி இணையுங்கள். கேளாத இடத்தில், குறிப்பாக வெளிநாட்டாருக்குத் தொலைவிலிருந்து செய்யும் வேலைக்கு, வேண்டாம். அவ்விடத்தில் நீங்கள் செய்துமுடித்த வேலை ஒன்றைப்பற்றி இரண்டு வரி எழுதுங்கள். வேலை தருவதாகச் சொல்லிப் படத்தோடு ஆதார் நகலும் முன்பணமும் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

"பின்னர் நேர்காணலில் கணினித் திரையில் முகத்தைப் பார்க்கத்தானே போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவியும் அதையே கேட்டாள். "பார்க்கட்டும், அம்மா. அப்போது நீ பேசிக்கொண்டிருப்பாய், படம் பேசாது," என்றேன்.

அவள் படத்தை எடுத்துவிட்டாள். தந்தையின் அரிசிக் கடைக்கு மூன்றாண்டுகள் கணக்கெழுதியதை அவ்விடத்தில் எழுதினாள். விடை இன்னும் வரவில்லை. எதுவாயினும், அது அவள் எழுதிய வரிகளைப் படித்தபின் வரும் விடையாக இருக்கும்.